இருபத்தாறா, இருபத்தெட்டா?

புக்கிட் ரம்பாய் இந்தியர் மலைச் சைக்கிள் கழகத்தில் பதினொரு உறுப்பினர்களும் பதினொரு மலைச் சைக்கிள்களும் இருந்தன. மலைதான் இல்லை. ஊர்ப் பெயரில் 'புக்கிட்' என்று ஒரு குன்று இருந்தது. ஊரில் தொழிற்சாலைகளும் தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகளும்தான் இருந்தன.

கழகம் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்குள் சட்டை அடித்தாயிற்று, முத்திரை செய்தாயிற்று, பாலாய் ராயா என்னும் பொது மண்டப வாசலில் குழுப்படம் எடுத்தாயிற்று, இரண்டு ஆண்டு விருந்துகளும் நடந்துவிட்டன. சைக்கிள் ஓட்டுவது மட்டும் பாக்கியிருந்தது.

1997 மார்ச் மாதக் கூட்டத்தில் புவனேந்திரன் முதல் முறையாக எழுந்து பேசினான். வயது முப்பத்துநாலு, எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கூச்ச சுபாவம். கழகத்தில் உண்மையாகவே சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் அவன் ஒருவன்தான்.

"எல்லாரும் சேர்ந்து ஒரு நாளு எங்கயாச்சும் போலாமே" என்றான். "ஆனா என் சைக்கிளு கொஞ்ச நாளா ரொம்ப கனமா இருக்கு. எவ்வளவு மிதிச்சாலும் நகர மாட்டேங்குது."

முதல் வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. இரண்டாவதை எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள்.

பொருளாளர் காளிதாஸ் வெளிநாட்டுச் சைக்கிள் பத்திரிகை படிப்பவர். படங்களை மட்டுமாவது பார்ப்பவர். "சக்கரம் சின்னதுலா, அதான்" என்றார். "இருபத்தாறு இஞ்சிய வச்சிக்கிட்டு என்ன பண்ணுவ? இருபத்தெட்டு போட்டுப் பாரு. கல்லு, வேரு எல்லாம் சும்மா ஏறிப் போயிடும்."

செயலாளர் முனுசாமிக்கு இது பிடிக்கவில்லை. "மலைச் சைக்கிள்னா இருபத்தாறுதான். இருபத்தெட்டு வேணும்னா எங்கப்பா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டப் போன சைக்கிளு இருக்கு, கொண்டாரட்டா? அதுக்கா நாம கழகம் வச்சோம்?"

அரை மணி நேரம் சத்தம். தலைவர் தங்கையா கையை உயர்த்தினார். புவனேந்திரன் வேலை செய்யும் அதே தொழிற்சாலையில் ஸ்டோர் மேற்பார்வையாளர். தாமானில் பாதிப் பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர். புவனேந்திரனுக்கும் அவர்தான் வாங்கிக் கொடுத்தார். அவருடைய சைக்கிளின் சீட்டில் கடையில் சுற்றிய பிளாஸ்டிக் இன்னும் அப்படியே இருந்தது.

"இது ஒரு ஆளோட பிரச்சனை இல்ல. கழகத்தோட எதிர்காலம்" என்றார் தங்கையா. அன்றே மூன்று பேர் கொண்ட சக்கர ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. மூன்று பேருக்கும் கைதட்டல் கிடைத்தது.

மறுநாள் வேலை முடிந்து புவனேந்திரன் சைக்கிளை அப்துல் ஹமீது கடைக்கு எடுத்துக்கொண்டு போனான். ஹமீது பாய் மலாக்கா டவுனில் முப்பது வருடமாகச் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். அது ஒன்றரைச் சுற்றில் நின்றுவிட்டது.

"பிரேக் கட்டை ரிம்முல ஒரசுது தம்பி. நீங்க பிரேக்க புடிச்சிக்கிட்டே ஓட்டிட்டு இருந்திருக்கீங்க."

ஒரு திருகைத் தளர்த்தினார், கட்டையை நகர்த்தினார், மறுபடி இறுக்கினார். சக்கரம் இப்போது நிற்காமல் சுற்றியது.

"சக்கரம் சின்னதுன்னு சொன்னாங்க பாய்."

"யாரு?"

"கழகத்துல."

ஹமீது பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "இந்த பிரேமு இருபத்தாறுக்குன்னே செஞ்சது. பெருசு போட்டா பிரேக் கட்டை ரிம்முக்கு எட்டாது. டயரும் மேல இடிக்கும். அப்புறம் உங்க இஷ்டம்."

வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிள் காற்றுபோலப் போனது. பாலத்தின் ஏற்றத்தில் அவன் எழுந்து நிற்காமலேயே மிதித்து ஏறினான். அந்தச் சந்தோஷத்தில் நேரே தங்கையா வீட்டுக்குப் போய், "அண்ணே, பிரச்சனை தீந்துடுச்சு" என்றான்.

தங்கையாவின் முகம் வாடிவிட்டது. "எப்படித் தீரும்? இன்னும் குழு கூடவே இல்லையே!"

"பிரேக்குதான் அண்ணே ஒரசுச்சு. பாய் சரி பண்ணிட்டாரு."

"பாரு புவனா, பிரேக்கு ஒன்னோட விசயம். சக்கரம் கழகத்தோட விசயம். ரெண்டையும் போட்டுக் குழப்பாத" என்றார் தங்கையா. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒன்ன வச்சித்தான் குழுவே போட்டிருக்கோம். இப்பப் போய் சரியாயிடுச்சுன்னு சொன்னா அவங்க மூணு பேரு மூஞ்சிய எங்க வச்சிக்குவாங்க?" என்றார்.

புவனேந்திரன் தலையாட்டிவிட்டு வந்தான். மனைவி இந்திராதேவி கையுறைத் தொழிற்சாலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"சைக்கிளு சரியாயிடுச்சுல்ல?"

"சரியாயிடுச்சு."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி?"

"சரியாயிருக்கக் கூடாதாம்" என்றான்.

ஆய்வுக் குழு ஐந்து முறை கூடியது. ஐந்து முறையும் ரொட்டி சானாய் வரவழைக்கப்பட்டது. ஹமீது பாயின் கருத்தைக் கேட்கலாமே என்று ஒருவர் சொன்னதற்கு, அவர் கழக உறுப்பினர் இல்லை என்ற பதில் வந்தது. காளிதாஸ் இருபத்தெட்டில் நின்றார். முனுசாமி இருபத்தாறில் நின்றார். மூன்றாவது ஆளான சின்னத்தம்பி, முன்னால் பேசியவர் யாரோ அவர் சொல்வதுதான் சரி என்றார்.

கடைசியில் தங்கையா தலையிட்டுச் சமரசம் செய்துவைத்தார். முன்னால் இருபத்தெட்டு, பின்னால் இருபத்தாறு. இரண்டு தரப்புக்கும் மரியாதை. கைதட்டல் நீண்ட நேரம் ஓயவில்லை. முதலில் யார் சைக்கிளில் மாற்றுவது என்ற கேள்வி எழுந்தபோது பத்துப் பேரும் புவனேந்திரனைப் பார்த்தார்கள்.

"பாய் வேணாம்னு சொன்னாரு அண்ணே" என்றான் அவன், பாதிக் குரலில்.

"ஒனக்கு நல்லது செஞ்சவங்க சொன்னா கேக்கணும் புவனா" என்றார் தங்கையா. அவர் எந்த நல்லதைச் சொல்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். புவனேந்திரன் உட்கார்ந்துவிட்டான்.

ஹமீது பாய் அந்த வேலையைச் செய்ய மறுத்துவிட்டார். அதனால் காளிதாஸே பாலாய் ராயா வாசலில் வைத்து, முனுசாமி கொண்டுவந்த அதே பழைய சைக்கிளின் முன்சக்கரத்தை மாட்டினார். தன் அப்பாவின் சக்கரத்தையே எதிர்த்தரப்பு பயன்படுத்துகிறதே என்று முனுசாமிக்கு வருத்தம். ஆனால் பெருமையும் இருந்தது. டயருக்கும் மேலே அதைத் தாங்கும் கவைக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையவில்லை. முன் பிரேக் கட்டை ரிம்முக்கு எட்டவே இல்லை. காளிதாஸ் அதைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "பின்னால ஒன்னு இருக்குல்ல, போதும்" என்றார்.

சைக்கிள் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

சோதனை ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து மண் பாதையில். முதல் நாள் நல்ல மழை. நாடா கட்டினார்கள். தங்கையா அதை வெட்டினார். பத்து நிமிடம் பேசினார். சக்கரத்தின் வரலாற்றையும் சமுதாய முன்னேற்றத்தையும் சேர்த்துப் பேசினார். குடும்பங்களெல்லாம் வந்திருந்தன. இந்திராதேவி கூட்டத்தின் கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

புவனேந்திரன் ஏறி உட்கார்ந்தான். முதல் ஐம்பது அடி நன்றாகத்தான் போனது. காளிதாஸ் "பாத்தியா, பாத்தியா!" என்று கத்தினார். பாதை சரிவில் இறங்கியதும் சிவப்புச் சேறு டயரோடு சுற்றிக்கொண்டு மேலே போனது. விரல்கூட நுழையாத அந்த இடைவெளியில் போய் அடைத்துக்கொண்டது. சக்கரம் சட்டென்று நின்றுவிட்டது. புவனேந்திரன் நிற்கவில்லை. ஹேண்டிலுக்கு மேலே பறந்து, தோட்டத்து வடிகாலான லோங்காங்கில் போய் விழுந்தான்.

முதலில் ஓடி வந்தது இந்திராதேவி. சேற்று நீரில் இறங்கி அவனைத் தூக்கி உட்கார வைத்தாள். அவன் இடது மணிக்கட்டு கோணலாக இருந்தது.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"யாராச்சும் கார எடுங்க!" என்று அவள் கத்தினாள்.

பின்னால் காளிதாஸும் முனுசாமியும், அவன் விழுந்தது முன்சக்கரத்தாலா, பின்சக்கரத்தாலா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தாமான்காரர் ஒருவரின் வேனில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த நாட்களில் சைக்கிள் ஹமீது பாய் கடைக்குப் போய்த் தன் பழைய சக்கரத்தோடு திரும்பி வந்தது. ஆய்வுக் குழுவின் இறுதி அறிக்கையும் வீட்டுக்கு வந்தது. விபத்துக்குச் சேறுதான் காரணம், சக்கரத்தின் மேல் குற்றம் இல்லை, உறுப்பினரின் அனுபவமின்மையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அதில் இருந்தது. இந்திராதேவி அதைப் படித்துவிட்டு நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்கால் அடியில் வைத்தாள்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு. கழகம் முழுக்க இருபத்தெட்டுக்கு மாறுவதா, வேண்டாமா? ஐந்து கைகள் மாற, ஐந்து கைகள் வேண்டாம் என்று உயர்ந்தன. பதினோராவது கை அப்போதுதான் கட்டுப் பிரித்த கை; அது இன்னும் உயரவில்லை. சின்னத்தம்பி இரண்டு முறையும் கை தூக்கியதால், மறுபடி எண்ணித்தான் இந்தக் கணக்கே வந்தது.

தங்கையா புவனேந்திரன் பக்கம் வந்து உட்கார்ந்தார். தோளில் கை போட்டார். "நான் சொல்லித்தான் ஒனக்கு அந்த வேலை. ஞாபகம் இருக்குல்ல? இருபத்தெட்டுக்குக் கையத் தூக்கு."

புவனேந்திரன் எழுந்து நின்றான்.

"ஞாபகம் இருக்கு அண்ணே. மறக்க மாட்டேன். அதுக்குத்தான் அன்னிக்கு ஏறி உட்காந்தேன், கைய ஒடைச்சிக்கிட்டேன். அந்தக் கணக்கு அதோட சரி." அவன் மற்றவர்கள் பக்கம் திரும்பினான். "எனக்கு இருபத்தாறே போதும். ஒங்க யாருக்கும் சக்கரம் எந்த சைசா இருந்தா என்ன? நீங்கதான் ஓட்டுறதே இல்லையே!"

உடனே முனுசாமி கைதட்டினார். அவர் கடைசி வரியைச் சரியாகக் கேட்கவில்லை.

அடுத்த மாதம் கழகம் இரண்டாகப் பிரிந்தது. தங்கையா தலைமையில் ஐந்து பேர் இருபத்தெட்டு இஞ்சிக் கழகம் தொடங்கினார்கள். மீதி ஐந்து பேர் பழைய பெயரையும் முத்திரையையும் வைத்துக்கொண்டார்கள். இரண்டு தரப்பும் புவனேந்திரனுக்கு உதவித் தலைவர் பதவி தருவதாகச் சொல்லி அனுப்பின. அவன் இரண்டுக்கும் போகவில்லை. தங்கையா தொழிற்சாலையில் அவனைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது அவனுக்கு முதல் வாரம் கஷ்டமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

ஒரு ஞாயிறு விடிந்ததும் தண்ணீர் பாட்டிலும் இரண்டு வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். எங்கே என்று இந்திராதேவி கேட்டதற்கு, "சும்மா அப்படியே" என்றான். டவுனைத் தாண்டினான். உம்பாய் என்ற ஊரில் நிறுத்தித் தண்ணீர் குடித்தான். திரும்பலாமா என்று நினைத்தான். கால் இன்னும் வலிக்கவில்லை. மேலும் போனான். பத்தரை மணிக்கு ஒரு பொதுத் தொலைபேசியிலிருந்து வீட்டுக்கு அழைத்தான்.

"எங்கங்க இருக்கீங்க?"

"சுங்கை ரம்பாய்ல."

"ஜொகூர் பார்டர்லயா? அவ்ளோ தூரமா? யாரு கூட?"

"தனியாத்தான்."

"சரி, திரும்பி எப்படி வருவீங்க?"

அதை அவன் யோசித்திருக்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தொடைகள் இப்போதுதான் மெல்ல நடுங்கத் தொடங்கியிருந்தன.

"மெதுவா வரேன் இந்திரா" என்றான். "சோறு எடுத்து வச்சிடு, நெறைய."