லாய்டின் இருபதாவது தோல்வி

அந்த வருஷம் எங்கள் பேஸ்பால் அணி, போர்ட் லாரன்ஸ் நாரைகள், தோற்காத விதமே இல்லை. மழை வந்து ஆட்டம் நின்றுபோனால் அன்றைக்கு எங்களுக்குத் திருவிழா. போதாக்குறைக்கு, ஜூன் மாதம் முதலாளி எங்களுடைய நல்ல மட்டைக்காரர்கள் இரண்டு பேரை டேட்டன் அணிக்கு விற்றுவிட்டார். அதற்கப்புறம் எங்கள் அணி ரன் எடுத்தால், அரங்கத்தில் இருந்த நாலு பேரும் நம்பாமல் ஸ்கோர் பலகையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கள் பந்துகளில் பாதியை எறிந்தவன் லாய்டு பெட்டிபோன். நெப்ராஸ்காக்காரன், முப்பத்தைந்தைத் தொட்டவன், நீளமான கை, முன்னந்தலையில் முடி கிடையாது. மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து அவன் பந்துகளைப் பிடித்தவன் நான். அவன் பந்தில் வேகம் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனால் மட்டைக்கு அருகே வந்ததும் பந்து சட்டென்று கீழே இறங்கும். மட்டையில் பட்டாலும் தரையில்தான் உருளும். உருளும் பந்தைப் பொறுக்கி எறிய ஆள் வேண்டுமே! எங்கள் ஆட்கள் அதை உதைத்தார்கள், தாண்டிக் குதித்தார்கள், பொறுக்கிப் பார்வையாளர் மேல் எறிந்தார்கள். இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு இரண்டு என்று லாய்டு தோற்றுக்கொண்டே வந்தான். எட்டுப் பேர் சேர்ந்து தொலைத்த ஆட்டமானாலும், பேப்பரில் அந்தத் தோல்வி பந்து எறிந்தவன் பெயரில்தான் விழும்.

எந்த நாளும் அவன் ஒருத்தரையும் முறைத்துப் பார்த்ததில்லை. யாராவது பந்தை விட்டுவிட்டால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "சரி விடு, அடுத்ததைப் பாப்போம்" என்பான். அவ்வளவுதான்.

செப்டம்பர் வந்தபோது அவன் பெயரில் பத்தொன்பது தோல்விகள் இருந்தன. சனிக்கிழமை ஃபோர்ட் வேன் அணியோடு ஆட்டம். வியாழனன்று எங்கள் மேனேஜர் கஸ் ஹால்வர்சன் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"கதவைச் சாத்து ஸ்டான்" என்றார் என்னிடம். பிறகு மெல்ல ஆரம்பித்தார். "லாய்டு, சனிக்கிழமை நீ போட வேண்டாம். முதுகு பிடிச்சிக்கிச்சுன்னு பேப்பர்காரங்ககிட்ட சொல்லிடறேன்."

"என் முதுகு நல்லாத்தானே இருக்கு பாஸ்."

"தெரியும்யா. பத்தொம்பதோட நிறுத்திக்கோ. இருபதுன்னா அது பேரோட ஒட்டிக்கும். நாளைக்கு நீ செத்தாக்கூட பேப்பர்ல முதல் வரி அதான் போடுவான்."

"அப்ப யாரு போடறா?"

"ஹட்சின்ஸ்."

"அவன் முழங்கை வீங்கிக் கெடக்கு பாஸ். காலைல தலை வாரக்கூட கையைத் தூக்க முடியாம நிக்கிறான்."

கஸ் என்னைப் பார்த்தார். "நீ சொன்னாலாவது கேப்பான்னுதான் உன்னையும் கூப்பிட்டேன். வாயைத் திறயேன்யா."

நான் வாயைத் திறப்பதற்குள் லாய்டே பேசினான். "பாஸ், சனிக்கிழமை ஜெயிச்சா ஃபோர்ட் வேனுக்குக் கோப்பை. தோத்தா டேட்டனுக்கு வாய்ப்பு இருக்கு. ரெண்டு பேரும் வருஷம் பூரா ஒழைச்சிருக்காங்க. நாம நொண்டியை எறக்கி ஒருத்தனுக்குத் தூக்கிக் கொடுக்கக் கூடாது. நம்மகிட்ட இருக்கறதுல நல்ல ஆளை எறக்கணும். அந்த நல்ல ஆளு…" என்று இழுத்தான். காது சிவந்துவிட்டது. "உங்க கெட்ட நேரம், நான்தான்."

கஸ் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. "போ. போய்த் தொலை" என்றார்.

அவன் மனைவி நார்மா வண்டி நிறுத்துமிடத்தில் காத்திருந்தாள். லாய்டு குளித்துவிட்டு வருவதற்குள் நான் அவளிடம் போய், "நீங்களாவது சொல்லிப் பாருங்களேன்" என்றேன்.

"நானா? ஆடிட்டுத் தோத்து வந்தார்னா, சாப்பிட்டு நிம்மதியாத் தூங்கிடுவாரு ஸ்டான். ஆடாம வீட்ல உக்காந்தார்னு வைங்க, சமையலறையில சுத்திச் சுத்தி வருவாரு. நான் ஒரு முட்டை பொரிக்க முடியாது. போடட்டும், விடுங்க" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் வெயில் நன்றாக அடித்தது. இருபதைப் பார்க்கவென்றே கூட்டம் வந்திருந்தது. மீன் வறுவல் கடை நடத்தும் வில்மா க்ராட்ச் வழக்கம்போல முதல் பேஸ் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டாள். அந்த வருஷம் முழுக்க எங்களைத் திட்டியே தொண்டை கட்டிப்போனவள் அவள். "பெட்டிபோன்! ஊருக்குப் போய் டிராக்டர் ஓட்டுடா! அதுவாவது நேராப் போகும்!" என்று ஆரம்பித்தாள். இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த நார்மாவே சிரித்துவிட்டாள்.

அன்றைக்கு லாய்டு எறிந்தது போன்ற பந்துகளை நான் என் வாழ்நாளில் பிடித்ததில்லை. நான் கையுறையை எங்கே வைத்தேனோ அங்கே பந்து வந்து உட்கார்ந்தது. கோப்பைக்கு ஒரு வெற்றி தூரத்தில் நின்றவர்கள், மட்டையைத் தரையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். அவர்களுடைய பெரிய அடிக்காரன் ஒருவன் என்னைத் திரும்பிப் பார்த்து, "இந்தாளு பத்தொம்பது தோத்தானா? யாரு, இவனா?" என்று கேட்டான். "எங்களோட சேந்து ஆடிப் பாரு, தெரியும்" என்றேன்.

ஒன்பது இன்னிங்ஸில் எட்டு முடிந்தபோது ஒன்றுக்கு ஒன்று. கஸ் பெஞ்சில் வந்து லாய்டின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்ப வெளிய வந்துடு. சமமா இருக்கு. இனிமே தோத்தா உன் கணக்குல வராது."

லாய்டு மைதானத்தின் ஓரத்தைப் பார்த்தான். முந்தின நாள் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களில் பந்து எறிந்த மாற்று ஆட்கள் அங்கே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு சுருண்டு கிடந்தார்கள்.

"கை நல்லா இருக்கு பாஸ்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

ஒன்பதாவதில் முதல் இருவரையும் வெளியேற்றினான். அடுத்தவன் அடித்த பந்து இரண்டு பேருக்கு நடுவே புகுந்து போனது. அடித்தவன் ஓடி, ஓட்டத்தில் பாதி தூரமான இரண்டாவது பேஸைப் பிடித்துவிட்டான். அடுத்து வந்தவனுக்கு லாய்டு போட்டது முழங்காலுக்குக் கீழே இறங்கிய பந்து. அவன் எப்படியோ அதைத் தோண்டி எடுத்து வலது பக்கம் மேலே தூக்கிவிட்டான். சாதாரணக் கேட்ச், பிடித்தால் மூன்றாவது ஆளும் வெளியே, அவர்கள் முறை முடிந்தது. அங்கே நின்றவன் வெர்லின் டேட், அந்த வருஷம்தான் அணிக்கு வந்தவன். இரண்டடி பின்னால் போனான், கையுறையை உயர்த்தினான். அப்புறம் வெறும் கையால் கண்ணை மறைத்தான். சாயங்கால வெயில் நேரே அவன் முகத்தில். பந்து அவன் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. இரண்டாவது பேஸில் நின்றவன் ஓடி வந்து ரன் எடுத்துவிட்டான்.

இரண்டுக்கு ஒன்று. எங்கள் முறையில் கடைசியாக மட்டை பிடித்தவன் நான். நன்றாகத்தான் அடித்தேன், நேராக அவர்கள் கையில் போய் விழுந்தது. ஃபோர்ட் வேன்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறிக் குதித்தார்கள். கோப்பை அவர்களுக்கு, இருபது லாய்டுக்கு.

அவன் தலையைக் குனியாமல் மைதானத்தைக் கடந்து வந்தான். க்ராட்ச் எழுந்து நின்றாள். என்ன சொல்லப்போகிறாளோ என்று பக்கத்தில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள். "பெட்டிபோன்!" என்று கத்தினாள். "அந்தக் கழுதைங்களை எல்லாம் வித்துட்டு, நீ மட்டும் இருடா!"

உடை மாற்றும் அறையில் பேப்பர்காரர்கள் நேராக வெர்லினிடம் போனார்கள். அவன் தலைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தோள்கள் குலுங்கின. "அந்தப் பந்து என்னாச்சு வெர்லின்? கண்ணுல படலையா?" என்று ஒருவன் குனிந்து கேட்டான்.

லாய்டு தோளில் கட்டியிருந்த ஐஸ் பையோடு, தன் ஸ்டூலைத் தரையில் கரகரவென்று இழுத்துக்கொண்டு வந்தான். அவர்களுக்கும் வெர்லினுக்கும் நடுவே போட்டு உட்கார்ந்தான்.

"அங்க என்ன வேடிக்கை? இருபது இங்க இருக்கு. என்னைக் கேளுங்க."

"டேட் அதைப் பிடிச்சிருக்கணும் இல்லையா?"

"நான் அதை ஆகாசத்துக்குப் போக விட்டிருக்கவே கூடாது. இன்னும் கீழ போட்டிருக்கணும். எழுதிக்குங்க."

அதற்கும் கீழே போடுவதென்றால் பந்தை மண்ணில் புதைக்கத்தான் வேண்டும்.

"இருபது தோல்வி. என்ன தோணுது லாய்டு?"

அவன் தோளில் ஐஸ் பையைச் சரிசெய்துகொண்டான். "இருபது தடவை தோக்கணும்னா, இருபது தடவையும் ஒருத்தர் நம்மளை நம்பிப் பந்தைக் கையில கொடுக்கணும்யா. எங்க கஸ் கொடுத்தாரு. பைத்தியம் எனக்கா அவருக்கான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். துண்டுக்குள்ளிருந்து வெர்லினும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஃபோர்ட் வேன் மேனேஜர் உள்ளே வந்தார். ஜெயித்தவர்கள் தோற்றவர்கள் அறைக்கு வருவது எங்கள் வழக்கத்தில் இல்லை. கொண்டாட்டத்தில் ஊற்றிய ஷாம்பெயின் தலையிலிருந்து சொட்ட அவர் லாய்டின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ இன்னிக்கு வராம இருந்திருந்தா எங்களுக்குச் சுலபமா கெடைச்சிருக்கும். ஆனா அது இந்த அளவுக்கு ருசிச்சிருக்காது" என்றார். உடனே திரும்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் ஆட்டங்கள் மிச்சம் இருந்தன. லாய்டு எறிய வேண்டிய ஆட்டங்கள் முடிந்துவிட்டன. அவன் வீட்டுக்குப் போயிருக்கலாம். கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து நான் என் சாமான்களைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தால், காலியான மைதானத்தில் அவனும் வெர்லினும் நின்றிருந்தார்கள். வெயில் வலது மூலையில் கண்ணைக் குத்தும் நேரம். லாய்டு மட்டையால் பந்துகளை ஒவ்வொன்றாக ஆகாயத்துக்கு அடித்து அனுப்பிக்கொண்டிருந்தான். வெர்லின் முதல் பந்தை விட்டான், இரண்டாவதையும் விட்டான்.

"சூரியனைப் பாக்காதடா! அது எங்கயும் போயிடாது!" என்று லாய்டு கத்தினான். "கையுறையை மேல வச்சுக்கோ. அதோட ஓரத்துல பாரு."

மூன்றாவது கையில் விழுந்தது. அதற்காக இருவரும் ஒன்றும் குதிக்கவில்லை. லாய்டு அடுத்த பந்தை எடுத்தான்.

குளிர்காலத்தில் அணி லாய்டை விடுவித்துவிட்டது. அவன் நெப்ராஸ்காவுக்குப் போய் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆட்டம் கற்றுக்கொடுத்தான். வெர்லின் வெகுகாலம் ஆடினான், மேல்மட்ட அணிகளிலும் ஆடினான். அதெல்லாம் பின்னால் நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கினேன். வெர்லின் பிடித்துத் திருப்பி எறியும் பந்துகளை வாங்கி லாய்டிடம் கொடுக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது.