எட்டேகால் டாக்சி

தினமும் காலை எட்டேகாலுக்கு எதிர்வீட்டு வாசலில் டாக்சி வந்து நிற்கும். கெர்ரியின் மகன் கோரியைச் சிறப்புப் பள்ளிக்கு அழைத்துப்போக உள்ளாட்சிக் கவுன்சில் அனுப்பும் டாக்சி. வழியில் அவனைப் பார்த்துக்கொள்ள உள்ளே ஒரு பெண்மணி வேறு. திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். வயிறு பற்றி எரியும். சொல்லக் கூசுகிறது. போன வருஷம் அவன் டீச்சர்மேல் நாற்காலியை எறிந்த பிறகுதான் இதெல்லாம் கிடைத்தது. அந்த நாற்காலியை என் மகள் எறிந்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்திருக்கிறேன்.

மகள் டில்லிக்கு எட்டு வயது. பள்ளியில் வாயே திறக்க மாட்டாள். மற்றவர்கள் சிரித்தால் சிரிப்பாள், வரிசையில் நின்றால் நிற்பாள். அங்கே அடக்கிவைத்ததெல்லாம் வீட்டுக்குள் நுழைந்ததும் வெடிக்கும். சுவரில் தலையை முட்டிக்கொள்வாள், தன் கையையே கடித்துக்கொள்வாள். வகுப்பில் அவளுக்கென்று உதவிக்கு ஓர் ஆளைப் போடச் சொல்லிக் கவுன்சிலுக்கு இரண்டு முறை எழுதினேன். பள்ளியில் பிரச்சினை ஏதும் தெரியவில்லை என்று இரண்டு முறையும் பதில் வந்தது. மூன்றாம் முறை சண்டை போட்ட பிறகுதான் ஓர் உளவியலாளரை அனுப்பினார்கள். அவர் இன்று காலை முழுக்க வகுப்பில் உட்கார்ந்து டில்லியைக் கவனித்தார்.

மூன்றேகாலுக்குப் பள்ளி வாசலில் டீச்சர் பூரிப்பாகச் சொன்னார்: "டில்லி இன்னைக்குத் தங்கமா இருந்தா. வந்தவங்களே அசந்துபோயிட்டாங்க." டில்லியின் சட்டையில் நட்சத்திர ஸ்டிக்கர் மின்னியது. பெற்ற பெண்ணின் சமத்தைக் கண்டு எனக்கு ஆத்திரம் வந்தது.

தெருவில் கெர்ரி, கோரியைத் திருப்பிக் கொண்டுவரும் டாக்சிக்காகக் காத்து நின்றாள்.

"என்ன ஜனீன், மூஞ்சி தொங்குது?"

"சமத்தா இருந்தாளாம்."

"போச்சு போ. உம் பொண்ணு வெளியில எலி, வீட்டுல புலி. ஆடுறப்ப போன்ல வீடியோ புடிச்சு கவுன்சிலுக்கு அனுப்புடி. நான் அப்படித்தான் அனுப்புனேன்."

"உனக்கென்ன, வாசலுக்கே டாக்சி வருது."

"வேணும்னா அவனையும் சேத்து எடுத்துக்கோ."

சிரித்தாள். அவள் மணிக்கட்டில் புதிதாகக் கோரியின் பல் பதிந்திருந்தது. பார்த்தேன். பொறாமை குறையவில்லை.

கதவைச் சாத்தியதும் டில்லியின் ஷூ பறந்தது. மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்து தலையை முட்டத் தொடங்கினாள். வழக்கமாக அவள் தலைக்கும் சுவருக்கும் நடுவே என் கையை வைப்பேன். இன்று அந்தக் கையில் போனை எடுத்தேன்.

இரண்டு முட்டு. அப்புறம் போனைப் பார்த்துவிட்டாள். சட்டென்று நின்றாள். புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். சுருண்டிருந்த ஸ்டிக்கரை அழுத்தி ஒட்டினாள். டீச்சரைப் பார்த்துச் சிரிக்கும் அதே சிரிப்பை, முதல் முறையாக, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நான் சமத்தா இருக்கேன்மா."

தெருவில் டாக்சிக் கதவு திறந்தது. கோரி தொண்டை கிழிய அலறினான். என் போனின் திரையில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. டில்லி சிரித்துக்கொண்டே இருந்தாள்.