தலைப்புத் திரையில் அத்தையின் பெயர்

பழைய வீடியோ கேம்களைப் புதிய கேசட்டில் ஏற்றி விற்பதுதான் அவன் பிழைப்பு. நாற்பது வருஷத்துக்கு முந்தைய கன்சோலைத் தூக்கிப் போட மனசில்லாமல் வைத்திருக்கும் கிறுக்கர்கள் உலகத்தில் நிறைய உண்டு. அவர்கள் புண்ணியத்தில்தான் அவன் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஒரு கேசட்டுக்குள் எட்டு கேம். புது பிளாஸ்டிக், புது சிப், உள்ளே மட்டும் பழைய சரக்கு.

இந்தத் தொகுப்பில் எட்டாவது கேம் அவனுடைய மாமா இளவயதில் எழுதியது. எழுதியது மாமா, படமெல்லாம் வரைந்தது அத்தை. இது குடும்பத்துக்கு வெளியே ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. திரையில் ஒரு பெயருக்குத்தான் இடம் என்று அன்றைக்கு கேமை வெளியிட்ட கம்பெனிக்காரன் சொன்னான், மாமாவும் பூம் பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வந்தார். கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வரைந்து கண்ணைக் கெடுத்துக்கொண்ட அத்தைக்கு மிஞ்சியது ஒரு மூக்குக் கண்ணாடி. இவ்வளவு காலம் கழித்து மாமாவுக்கு அது உறைத்தது. உறைக்கிற நேரத்தில் அத்தை படுத்த படுக்கையாகிவிட்டாள், டாக்டரும் கையை விரித்துவிட்டார்.

மாமா பட்டறைக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"தலைப்புல அவ பேரையும் சேத்துடுடா. கண்ணு மூடறதுக்குள்ள அவ பாக்கணும்."

கேமின் மூல நிரல் கம்பெனியோடு எப்போதோ மண்ணாகிப் போயிருந்தது. பழைய சிப்பிலிருந்து உறிஞ்சி எடுத்த எண்கள்தான் இருந்தன. அந்த எண்களுக்குள் தலைப்பு இருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, மாமா பெயருக்குப் பக்கத்தில் அத்தை பெயரை அவன் நுழைத்தான். கேம் திறக்கிறதா, முதல் கட்டம் ஓடுகிறதா, சத்தம் வருகிறதா என்று பார்த்தான். பட்டறையில் சோதனை என்பது அவ்வளவுதான். ஆயிரம் பேர் ஆடித் தீர்த்த சரக்கில் புதிதாக என்ன கெடப்போகிறது என்ற தைரியம் அந்தத் தொழிலில் எல்லோருக்கும் உண்டு, அவனுக்குக் கொஞ்சம் கூடுதல்.

அத்தையின் கட்டிலுக்கு எதிரே குண்டு டிவியைத் தூக்கி வைத்தார்கள். கேசட்டைச் செருகியதும் தலைப்பு வந்தது. அத்தை தலையணையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"எழுத்து கோணலா இருக்கே. யாரு வரைஞ்சது?"

"நான்தான் அத்தை."

"அதான பாத்தேன்."

சொல்லிவிட்டு அழுதாள். மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேம் ஆடும் கட்டுப்பாட்டுக் கட்டையைக் கையில் எடுத்தார். கடைசிப் படம்வரை போய்க் காட்டுவதாக அவளிடம் சொல்லியிருந்தார். கடலோரச் சுவரில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் படம் அது. கல்யாணமான புதிதில் அத்தை தன்னையும் மாமாவையும்தான் அப்படி வரைந்து வைத்திருந்தாள். கம்பெனிக்காரனுக்கு அது தெரியாது.

மாமா நன்றாகவே ஆடினார். விழுந்தார், திட்டினார், மறுபடி எழுந்தார். அத்தை கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கதவருகே போனதும் திரை கறுத்தது. சத்தம் நின்றது. வெள்ளை எழுத்தில் ஒரே வரி வந்தது: 'பெயரை மாற்றிய திருடனுக்கு முடிவு இல்லை.'

அவன் ஒயரை ஆட்டிப் பார்க்கப் போனான். மாமா அவன் கையைப் பிடித்தார்.

"ஒயரு இல்லடா. அது நான் எழுதினது."

அந்தக் காலத்தில் கள்ளப்பிரதி போடுகிறவர்கள் தலைப்பில் தங்கள் பெயரைப் போட்டு விற்றார்கள். அவர்கள் மேல் வந்த ஆத்திரத்தில் மாமா உள்ளே ஒரு பூட்டு வைத்தார். தலைப்பில் ஒரு எழுத்து மாறினாலும் கடைசிக் கதவு திறக்காது. வைத்தவரே அதைச் சுத்தமாக மறந்துபோயிருந்தார்.

அத்தை சிரித்தாள். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் அடங்கவில்லை.

"நல்ல பூட்டுதான். வீட்டுக்காரியவே உள்ள விடமாட்டேங்குது."

"பூட்டு எங்க இருக்குன்னு தேடி உடைக்கணும்னா நாளாகும் அத்தை. பேரை எடுத்துட்டா இப்பவே ஓடும்" என்றான் அவன். சொல்லும்போதே நாக்கு கூசியது.

"பேரு இருக்கட்டும். நாளானா ஆகட்டும்" என்றார் மாமா.

"எனக்கு ஏதுங்க நாளு?" என்ற அத்தை அவன் பக்கம் திரும்பினாள். "எடுத்துடுடா. நாங்க உக்காந்திருக்கறத ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்."

அவன் பட்டறைக்கு ஓடினான். நுழைக்க ஒரு ராத்திரி முழுக்க ஆன பெயரை அழிக்க, டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. புதுக் கேசட்டோடு திரும்பியபோது அத்தையின் கண் பாதி மூடியிருந்தது. மூச்சு விட்டு விட்டு வந்தது.

மாமா அவசர அவசரமாக ஆடினார். "இதோ வந்துட்டோம், முழிச்சுக்கோ" என்று திரையைப் பார்த்தபடியே அவளிடம் பேசிக்கொண்டிருந்தார். அத்தைக்கு அடுத்த மூச்சு வரவில்லை என்று கட்டில் பக்கம் நின்ற அவனுக்குத் தெரிந்தது. காத்திருந்தான், வரவில்லை. கதவு திறக்கும்வரையாவது மாமாவைச் சொல்லாமல் ஆட விட்டுவிடலாம் என்று நினைத்தான்.

கதவு திறந்தது. கடல் வந்தது, சுவர் வந்தது, சுவர்மேல் கட்டைவிரல் உயரத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள்.

"பாரு, பாரு!" என்று மாமா திரும்பினார்.

அவர் கையிலிருந்த கட்டை நழுவி விழுந்தது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கன்னத்தைத் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவருக்குப் பின்னால் டிவியில் முடிவு எழுத்துகள் மேலேறத் தொடங்கின. கதை என்று வந்தது, எதிரே மாமாவின் பெயர். இசைக்கும் அதே பெயர். மூன்றாவதாக ஓவியம் என்று வந்தது, அதற்கு எதிரேயும் மாமாவின் பெயர்தான். மாமா திரும்பிப் பார்ப்பதற்குள் டிவியை அணைக்க அவன் பாய்ந்தான். அதற்குள் அவர் படித்துவிட்டார்.