ஆளில்லாத இடத்து வெளிச்சம்

திங்கட்கிழமை கருத்தரங்கில் என் ஆய்வு வழிகாட்டி கேசவன் சார் காட்டப்போகும் படத்தை, ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூர் வீட்டில் அண்ணி ஜெயப்பிரியாவுக்குக் காட்டினேன். மூன்று வருட ஆராய்ச்சியில் எனக்குக் கிடைத்த முதல் முடிவு. யாராவது வியந்து பார்க்க வேண்டும் என்றிருந்தது.

"இன்னா சசி, ஆடி மாசத் தெரு மாதிரி ஒரே சீரியல் லைட்டா கீது?"

விளக்கினேன். டிஎன்ஏ இழைகளை மடித்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிவைப்போம். மேலே உட்காரும் உயிரணு அவற்றைப் பிடித்து இழுக்கும். போதிய விசையோடு இழுத்தால் மடிப்பு விரிந்து அந்த இடம் ஒளிரும். ஒளியை வைத்து இழுப்பை அளக்கலாம்.

"செல்லு எது?"

சாம்பல் திட்டுகளைக் காட்டினேன்.

"செரி. இந்த ஓரத்துல ஒருத்தரும் இல்ல, அங்கயும் எரிஞ்சிக்கினு கீது. பேய் வந்து இழுத்துச்சா?"

சிரிக்கத் தொடங்கி நிறுத்தினேன். சாருக்கு அனுப்பிய படத்தில் அந்த ஓரத்தை வெட்டியிருந்தேன்; அண்ணி பார்த்தது என்னிடமிருந்த முழுப்படம். அழகுக்காக என்றுதான் நினைத்தேன். அங்கே ஏதோ தப்பு என்று என் கைக்கு அன்றே தெரிந்திருக்கிறது. நான்தான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"அளக்கச்சொல சீரத்தக் கொறைக்கணும் அண்ணி. செல்லுக்கு அதான் சாப்பாடு. ஆனா அதுல டிஎன்ஏவ அறுக்கிறதும் கீது. அறுந்தாலும் எரியும். நான் கொறைக்காம ஊத்திட்டேன்."

"ஏன்?"

"ரெண்டு மணி நேரம் பட்டினியா கெடக்குமேன்னு..."

அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நல்ல வேள நீ ஆஸ்பத்திரி வேலைக்குப் போவல. ஆபரேசனுக்கு வெறும் வயித்தோட வந்தவனுக்கு நாஷ்டா போட்டிருப்ப!"

உயிரணுக்கள் இழுக்கவில்லை என்பதல்ல. எவ்வளவு இழுத்தன என்று இந்தப் படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. நான் வாயைத் திறக்காவிட்டால் நாளைக்கு யாருக்கும் தெரியவும் போவதில்லை. அந்த நினைப்பு வந்த வேகம்தான் என்னைப் பயமுறுத்தியது. சாரைப் போனில் அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

கேட்டுக்கொண்டார். "படத்தை எடுத்துடறேன். முழுசையும் அனுப்பு. யார் கவனிச்சது?"

'நான்' என்று சொல்ல நாக்கு எழுந்தது.

"எங்க அண்ணி, சார்."

"ம்" என்று போனை வைத்துவிட்டார். முழுப்படத்தை அனுப்பினேன்.

"திட்டினாரா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்டி கீது?"

"திட்டியிருந்தா தேவல அண்ணி."

"அவ்ளோதானே? நான் திட்றேன், இரு" என்று அண்ணி தொண்டையைச் செருமிக்கொண்டார்.