எரியாத முகம்

வெளிநாட்டுப் படங்கள் எடுக்கும் பாலைவன ஊரான வர்ஸாஸாத்தில் படப்பிடிப்புக்கு ஆள் எடுக்கிற காலையில், தாடி வைத்தவர்கள் நூறு பேராவது வரிசையில் நிற்பார்கள். அதில் ஹம்மு இல்லாத நாளே கிடையாது. முப்பத்திரண்டு வருடத்தில் அவர் ரோமாபுரிச் சிப்பாய், ஒட்டக வியாபாரி, பிச்சைக்காரர் என்று எல்லாமாகவும் இருந்துவிட்டார். நாலைந்து தடவை பிணமாகவும் கிடந்திருக்கிறார். ஒரே படத்தில் பதினோரு நாள் வேலை பார்த்தவர் ஊரிலேயே அவர் ஒருவர்தான்.

அதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. துணைநடிகனின் முகம் கேமராவில் பளிச்சென்று விழுந்துவிட்டால், அந்தப் படத்தில் மறுநாள் அவனுக்கு வேலை இல்லை. நேற்று செத்தவன் இன்று மீன் விற்கிறானே என்று பார்க்கிறவர்கள் சிரிப்பார்களாம். 'மூஞ்சி எரிஞ்சுபோச்சு' என்பார்கள் இதை. ஹம்மு ஒருநாளும் எரியவிட்டதில்லை. 'ஆக்‌ஷன்' என்று காதில் விழுந்ததும் அவர் கழுத்து தானாகக் கேமராவை விட்டு மறுபக்கம் திரும்பிவிடும்.

மகன் யூபாவும் பதினேழு வயதிலிருந்து அதே வரிசைதான். ஆனால் அவனுக்குக் கையில் கொடுத்த ஈட்டியில் கவனம் இருந்ததே இல்லை. கேமராவை எங்கே வைக்கிறார்கள், வெளிச்சத்தை எப்படி மறிக்கிறார்கள் என்றே பார்த்துக்கொண்டு நிற்பான், அதற்குத் திட்டும் வாங்குவான். தலைநகரில் ஒரு திரைப்படப் பள்ளி இருந்தது. அதில் சேர ஆறு நிமிடப் படம் ஒன்றை எடுத்து அனுப்ப வேண்டும், முப்பது வயது ஆகியிருக்கக்கூடாது. யூபாவுக்கு முப்பதாக இரண்டு மாதம் இருந்தது.

கதை சின்னதுதான். படப்பிடிப்பு முடிந்து கைவிடப்பட்ட ஒரு பொய் நகரத்துக்குக் காவல் இருக்கும் கிழவனிடம் ஒருவன் வந்து, இனி நீ வேண்டாம் என்கிறான். கடைசியில் கிழவன் முகம், அவ்வளவுதான். ஊருக்கு வெளியே பிளாஸ்டரில் கட்டிய கோட்டை ஒன்று சும்மா நின்றது. கல்யாண வீடியோ எடுக்கும் நண்பன் இஷாமின் கேமரா, இரண்டு கல்யாணங்களுக்கு நடுவே மூன்று நாள் கிடைத்தது. கிழவனாக நடிக்க அப்பா இருக்கிறாரே என்று யூபா நினைத்தான். அந்த நினைப்புதான் வினையாகப் போயிற்று.

மூன்றாம் நாள் சாயங்காலம், கடைசி ஷாட்டுக்கு ஏழு தடவை 'ஆக்‌ஷன்' சொல்லியாயிற்று. ஏழு தடவையும் ஹம்முவின் பிடரிதான் விழுந்தது.

"அப்பா, இங்க பாருங்க. என்னைப் பாருங்க."

"பாக்கணும்னுதான்டா நினைக்கிறேன். கழுத்து கேக்க மாட்டேங்குது."

"மாமா, கழுத்துக்குத் தனியா சம்பளம் குடுக்கணும் போல," என்றான் இஷாம்.

வெயில் சுவரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. எட்டாவது தடவையும் பிடரி. யூபாவுக்குப் பொறுக்கவில்லை, கேமராவுக்குப் பக்கத்தில் நின்றபடியே வெடித்துவிட்டான்.

"முப்பது வருஷமா மூஞ்சிய மறைச்சே பொழைச்சீங்க! உங்களுக்குன்னு ஒரு மூஞ்சி இருக்கா இல்லையா? உங்களை நம்பினதுக்கு ஒரு கழுதையைக் கட்டிவெச்சு எடுத்திருக்கலாம். அதுவாச்சும் நிமிர்ந்து பாக்கும்!"

ஹம்மு அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஏதோ முணுமுணுத்தார். யூபா அதைக் காதில் வாங்கவில்லை. அதற்குள் வெளிச்சம் போய்விட்டது. கேமராவின் முக்காலியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஹம்மு முன்னால் நடந்தார். இரண்டு வாரம் கழித்துக் கேமரா மறுபடி கிடைக்கும், அப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று யூபா தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான். மன்னிப்புக் கேட்பதையும் அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம் என்று விட்டான்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் காலை, ஆள் எடுக்கும் வரிசையில் ஹம்மு சுவரோரம் உட்கார்ந்தார். தூங்குகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் முறை வந்து பெயரைக் கூப்பிட்டபோதும் அவர் எழுந்திருக்கவில்லை.

நாற்பதாம் நாள் சடங்கு முடிந்ததும் இஷாம் ஒரு மெமரி கார்டைக் கொண்டுவந்து நீட்டினான். "அன்னிக்கு நீ கத்தினப்ப அணைக்க மறந்துட்டேன்டா. மாமா மூஞ்சி முழுசா இருக்கு."

இருந்தது. நாற்பது விநாடி. யூபா எட்டு தடவை கேட்டுக் கிடைக்காத முகம் அதுதான். அவமானத்தை விழுங்கிக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தாமல் நிற்கிற முகம். அதற்கு மேல் எந்த நடிகனாலும் செய்துவிட முடியாது. யூபா தன் குரலை எடுத்துவிட்டு, அங்கே காற்றுச் சத்தத்தை வைத்தான். மறுநாள்தான் படத்தை அனுப்பக் கடைசி நாள்.

அம்மா இஜ்ஜா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கும் காட்டுடா. எத்தனை படம் பாத்திருக்கேன், ஒண்ணுலயாவது அந்த மனுஷன் மூஞ்சி இருந்துதா? முதுகைப் பாத்தே கண்டுபிடிப்பேன்."

அந்த முகம் வந்ததும் அவள் திரையைத் தொட்டாள். சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"இவரை யாரோ ஏசறாங்க."

"இல்லம்மா, நடிப்பு."

"எனக்கா தெரியாது? நாலு பேர் முன்னாடி டைரக்டர் எவனாச்சும் ஏசினா இந்த மூஞ்சியோடதான் வீட்டுக்கு வருவாரு. டீயத் தொடமாட்டாரு, செவுத்தப் பாத்துப் படுத்துக்குவாரு. உன் படத்துக்கு வந்த அன்னிக்கும் அப்படித்தான் வந்தாரு. யாரு ஏசினான்னு கேட்டேன். 'யாருமில்ல, மவன் என் மூஞ்சிய நல்லாப் புடிச்சிட்டான், அந்தச் சந்தோஷம்'னு சொன்னாரு." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "யாருடா அந்த டைரக்டர்?"

யூபா காற்றுச் சத்தத்தை எடுத்துவிட்டு, உண்மையான ஒலியைப் போட்டான். அவன் குரல் அறை முழுக்கக் கத்தியது. கழுதை வரைக்கும் கத்தி ஓய்ந்தது. அப்புறம் அப்பாவின் குரல், முப்பத்திரண்டு வருடமாக எல்லா டைரக்டர்களுக்கும் சொல்லிப் பழகிய குரல், தணிந்து கேட்டது.

"சரிங்க சார்."