அக்காவுக்காக எழுதிக் கொடுத்தது

ஓட்டலின் சலவைக்கூடத்தில் இவளை வேலைக்குச் சேர்த்துவிட்டதே அக்காதான். அக்கா அங்கே சூப்பர்வைசர். ஈர விரிப்புகளை மெஷினிலிருந்து வாரி வண்டியில் போடுவது இவள் வேலை. இடுப்பில் பிடித்த வலி இடது காலுக்கு இறங்கியபோது முதலில் அக்காவிடம்தான் சொன்னாள்.

"தங்கச்சிக்குச் சலுகை காட்டறேன்னு பேசுவாங்கடி. கொஞ்சம் பொறுத்துக்கோ."

மாத்திரையைப் போட்டுக்கொண்டு நாலு மாதம் பொறுத்தாள். ஒருநாள் படியேறும்போது இடது செருப்பு கழன்று பின்னால் விழுந்தது. கழன்றதே அவளுக்குத் தெரியவில்லை.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர், டிஸ்க் பிதுங்கி நரம்பை நசுக்குகிறது என்று சொல்லி மறுநாளே ஆபரேஷன் செய்தார். மயக்கம் தெளிந்தபோது காலைப் பிடுங்கித் தின்ற வலி துடைத்துவிட்டாற்போல் போயிருந்தது. சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். ஆனால் பாதத்தைத் தூக்கச் சொன்னபோது அது அசையவில்லை. நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்துவிட்டது, இனி பலம் வந்தால் உண்டு, சொல்ல முடியாது என்றார் டாக்டர். முன்னமே வந்திருக்கக் கூடாதா என்றும் கேட்டார்.

மூன்றாம் வாரம், பாதம் தொங்காமலிருக்கப் பட்டை கட்டி, சுவரைப் பிடித்து நடந்து பழகிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தாள். வலியோடு இருந்தவளை யார் பாரம் தூக்கவைத்தது என்று நிர்வாகம் விசாரிக்கிறதாம்.

"எங்கிட்ட சொல்லவே இல்லன்னு எழுதிக் குடுத்துடுடி. என் வேலை போச்சுன்னா பிள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

எழுதாதே என்று புருஷன் தலைபாடாய் அடித்துக்கொண்டான். அம்மா போனபின் தன்னை வளர்த்து ஆளாக்கியவள் அழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க இவளால் முடியவில்லை. எழுதிக் கொடுத்தாள்.

பத்தே நாளில் கடிதம் வந்தது. நோயை மறைத்து வேலை செய்ததற்காக இவளை நீக்கியிருந்தார்கள். கொண்டுவந்ததும் அக்காதான்.

"இப்படிப் பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாதுடி."

"நான் உங்கிட்ட சொன்னது தெரியும்ல?"

"தெரியும்" என்றாள் அக்கா, தரையைப் பார்த்தபடி. நிர்வாகத்திடம் போய்ச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. ஷிப்டுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டாள்.

ஆறு மாதம் ஓடிவிட்டது. இடுப்பு நிமிர்ந்துவிட்டது. பாதம் இன்னும் தரையை உரசிக்கொண்டுதான் வருகிறது. கூட வேலை பார்த்த ஒருத்தி போன வாரம் பார்க்க வந்திருந்தாள். புதிதாகச் சேரும் பெண்களிடம், முதுகுவலி எதுவும் இல்லை என்று அக்கா முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்கிறாளாம்.

அன்றிலிருந்து அக்காவின் போனை இவள் எடுப்பதில்லை.