உன் இஷ்டம்

வானியல் படிக்கப் போகலாமா என்று சீலிங்காரரின் மகள் சாப்பாட்டு மேசையில் கேட்ட அன்று மத்தியானம், அவள் அறையின் சீலிங் காணாமல் போனது. இடிந்து விழவில்லை, கட்டில்மேல் ஒரு சிட்டிகைத் தூசிகூடக் கிடையாது. நான்கு சுவர்களும் அப்படியே நிற்க, மேலே மட்டும் ராத்திரியாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அறைக்குள் அண்ணாந்து பார்த்தால் கும்மிருட்டும் நட்சத்திரங்களும். மின்விசிறி எதிலும் மாட்டாமல் பழைய இடத்திலேயே தொங்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. மாடியில் குடியிருந்தவர்களின் தரை பத்திரமாக இருக்கிறதா என்று போய்ப் பார்த்தார்கள், இருந்தது. அந்த வாரம் வெங்காய விலை இரண்டு மடங்காகியிருந்ததால் தெருவில் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

அப்பாவுக்குத்தான் மானப் பிரச்சினை. கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் ஃபால்ஸ் சீலிங் போடுவது அவர் தொழில். வேலை நேரத்தில் ஜனங்கள் சலித்துப்போய் அண்ணாந்து பார்க்கிறார்களே, அது பெரும்பாலும் அவர் கைவேலையைத்தான். “ஊருக்கெல்லாம் மூடுறவன் வீடு இப்படிப் பப்பரப்பேன்னு திறந்து கிடக்குதே” என்று புலம்பியபடி ஏணி போட்டு ஏறினார். ஸ்க்ரூவை முடுக்கினால் அது இருட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தது, பிடி கிடைக்கவில்லை. மேலே தூக்கிய போர்டுகள் மேலேயே போய்விட்டன. காலம் முழுக்கக் கையைத் தூக்கியே வேலை செய்ததில் அவருடைய வலது தோள் ஏற்கெனவே பாதி போயிருந்தது. அளவெடுப்பதும் வாடிக்கையாளரிடம் பேசுவதும் மகள்தான். அவளோ பள்ளி முடித்த அந்தக் கோடை முழுக்கக் கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். அலமாரிக்கு நேர்மேலே ஒரு சிவப்பு நட்சத்திரம் இருந்தது. அது ஏன் சிவப்பு என்று தெரியாமல் செத்துப்போனால் அதைவிட அவமானம் வேறில்லை என்று அவள் நினைத்தாள்.

தூரத்து நகரத்துக் கல்லூரி ஒன்றில் இடமும் கிடைத்தது. சேர்வதா வேண்டாமா என்று மாதக் கடைசிக்குள் சொல்லியாக வேண்டும். அங்கே நேரில் போய் விசாரித்தபோது தொலைநோக்கிக் கூடத்தில் இருந்த ஆராய்ச்சிக்கார அம்மாள் ஒளிவுமறைவில்லாமல் பேசினாள். “பாதி நாள் மேகம். மீதி நாள் கம்ப்யூட்டர். நிரந்தர வேலை கிடைக்குமான்னு கேட்டா சத்தியமா தெரியாது. வர்றதுன்னா வா.” ரயிலில் திரும்பி வரும்போது ‘வா’ என்ற சொல் மகளின் காதில் தங்கவில்லை, ‘வர்றதுன்னா’ மட்டும் தங்கியது. அப்படியே கேட்டுப் பழகிய வீடு அது.

முதலில் அம்மா. “வருஷக்கணக்கா படிப்பு, அப்புறம் ஆராய்ச்சி, அப்புறம் எந்த தேசத்துல வேலையோ. அப்பாவோட தோளைப் பார்த்தேல்ல? நான் ஒண்ணும் சொல்லல. உன் இஷ்டம்.” கடைசிச் சொல் வாயைவிட்டு வந்ததும் அறையின் கதவோரத்தில், வானத்தின்மேல், சதுரமாக ஒரு வெள்ளைப் போர்டு வந்து உட்கார்ந்தது. அடுத்து வந்தவர் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கும் சித்தப்பா. “நட்சத்திரம் பார்க்கிறதுக்கு எவன்மா சம்பளம் குடுப்பான்? கூடவே கையும் பார்த்தாலாவது நாலு காசு வரும்” என்று தானே சிரித்துக்கொண்டு, “சரி, படிக்கப்போறவ நீ, உன் இஷ்டம்” என்று முடித்தார். சித்தப்பாவுக்கு இரண்டு போர்டுகள் வந்து உட்கார்ந்தன. தலைமையாசிரியை சொன்னாள், மாடி வீட்டுக்காரர் சொன்னார், சேர்ந்து படித்தவர்கள் சொன்னார்கள். வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. இதை இங்கே பதிவு செய்தாக வேண்டும். சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள், வாயாடிதான். ஆனால் இந்தச் சொல்லோடு எப்படிச் சண்டை போடுவது? அகராதியில் அது சம்மதம். வீட்டுக்குள் அது என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

அப்பா கடைசி வரை பேசவில்லை. கை தூக்க முடியாததால் அம்மா அவருக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில், மகளைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்: “உன் இஷ்டம்மா.” அறையில் பாதி வானம் ஒரே அடியில் மூடியது. ஏணியில் ஏறி இடது கையால் தடவிப் பார்த்துவிட்டு, தன்னால்கூட இவ்வளவு மட்டம் பிசகாமல் போட முடியாது என்று ஒப்புக்கொண்டார். அதன் பிறகு சிவப்பு நட்சத்திரம் இருந்த சதுரம் மட்டும் திறந்திருந்தது. மாதம் முடிந்த மறுநாள் சித்தப்பா வந்து, “என்னம்மா, போகலையா?” என்று ஆச்சரியப்பட்டார். “யாரும் வேணாம்னு சொல்லல சித்தப்பா. எனக்கே தோணல. என் இஷ்டம்தான்” என்றாள். அந்தச் சதுரமும் மூடிக்கொண்டது.

அவள் அப்பாவின் தொழிலுக்கு வந்தாள். அடுத்த வருடம் தையற்காரரின் மகன் கப்பல் வேலைக்கு ஆசைப்பட்டதில் அவர்கள் வீட்டுச் சீலிங்கில் கடல் திறந்துகொண்டது. துணியெல்லாம் உப்பு பூக்கிறது என்று கூப்பிட்டார்கள். பொழுது முழுக்க இரும்புச் சட்டத்தோடும் ஸ்க்ரூவோடும் மல்லுக்கட்டி, ஓய்ந்துபோய், ஏணியடியில் உட்கார்ந்து அந்தப் பையனிடம் “உன் இஷ்டம்ப்பா” என்றாள். அலை நின்றது, போர்டு வந்தது. அன்றிலிருந்து அவளுக்கு ஏணி தேவைப்படவில்லை. பெற்றவர்கள் சொன்னால் ஓரம் வளைந்துவிடும், சில சமயம் நடுவில் தொங்கும். இவள் சொன்னால் ஜாயின்ட்கூடத் தெரியாது. சொல்லுகிற விதம் இருக்கிறது: பெருமூச்சு முன்னால் வர வேண்டும், பின்னால் அல்ல. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வண்டி வைத்து அழைத்துப் போனார்கள். கல்யாணப் பேச்சு வந்தது, போனது. அதுவும் அவள் இஷ்டம்தான் என்றார்கள். முடி நரைத்தது. தன் அறையில் படுத்தால் அவள் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் தூங்குவாள்.

பிறகு ஒருநாள் பல் டாக்டர் வீட்டில் கூப்பிட்டார்கள். மகளின் அறை என்று கதவைத் திறந்துவிட்டார்கள். பெற்றோர் போட்ட போர்டுகள் ஓரத்தில் கோணலாக நிற்க, மிச்சமெல்லாம் அதே ராத்திரி. புத்தக அலமாரிக்கு மேலே அதே சிவப்பு. அவள் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். வாசற்படியில் டாக்டர் தொண்டையைச் செருமினார்.

தரையில் படுத்திருந்த பெண் கேட்டாள்: “நீங்கதான் மூடுறவங்களா?”

“ஆமாம்மா.”

“அது ஏன் சிவப்பா இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது. அதைப் படிக்கத்தான் போகலாமான்னு பார்க்கிறேன். போகட்டுமா?”

அவள் முறைப்படி பெருமூச்சு விட்டாள். “உன் இஷ்டம்மா.”

போர்டு வந்து உட்காரப் போன நேரத்தில் அந்தப் பெண் துள்ளி எழுந்தாள். “என் இஷ்டமா? அப்ப சரி, நான் போறேன். ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி!” புதுப் போர்டு கட்டில்மேல் விழுந்து இரண்டாக உடைந்தது. பின்னாலேயே பெற்றோர் போட்டவையும் ஒவ்வொன்றாக விழுந்தன. டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. “என்னங்க இது, இப்படித்தான் வேலை பார்ப்பீங்களா?” என்று சத்தம் போட்டார். அந்தச் சொல்லை அது இருக்கிறபடியே காதில் வாங்கலாம் என்று இத்தனை வருடத்தில் அவளுக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேராக அப்பாவிடம் போனாள். அவர் இப்போது கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். “அப்பா, அன்னைக்கு உன் இஷ்டம்னு சொன்னீங்களே, என்ன அர்த்தத்துல சொன்னீங்க?”

அவர் விழித்தார். “என்ன அர்த்தமா? போன்னுதான் சொன்னேன். நீதான் போகல.”

உண்மையிலேயே அன்று அப்படித்தான் நினைத்தாரா, வயதாக ஆக அப்படி ஆக்கிக்கொண்டாரா, யாருக்கும் தெரியாது. அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு மல்லாந்து படுத்தாள். “அப்ப சரி, நான் போறேன்” என்றாள். சாதாரணமாக ஒருமுறை சொன்னாள், பிறகு கத்தினாள். மாடி வீட்டுக்காரர்கள் தரையைத் தட்டிச் சத்தம் போடாதே என்றார்கள். சீலிங் அசையவில்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் ஒரு நூல் பிசகாத வேலை அது. நல்ல சீலிங் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் தெருவில் இன்றும் அந்த அறையைத்தான் காட்டுகிறார்கள். அவளே கதவைத் திறந்துவிட்டு, அலமாரிக்கு மேலே கையை நீட்டி, விரிசல் எதுவும் தெரிகிறதா என்று கேட்பாள். வந்தவர்கள் நன்றாகப் பார்த்துவிட்டு, இல்லை என்பார்கள்.